நோயை இழுக்கும் காந்தம்

திருவையாறு போகும் சாலையில், பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே கட்டியிருந்த ஃபிளெக்ஸ் பேனரில் எல்லாமே பெரிதாக இருந்தன. வேந்தர் மதிவாணனின் முகம் பெரிது. மீசை அதைவிடப் பெரிது. ஏதோ ஒரு தீவு நாட்டுப் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டத்தோடு சேர்த்துக் கொடுத்த தங்கப் பதக்கம், நெஞ்சில் தாம்பாளம் மாதிரி மின்னியது. கண்டுபிடிப்பை மட்டும் காணோம். அது கண்ணுக்குத் தெரியாத துகள் என்று கேள்விப்பட்டதும், அப்படியானால் அந்த இடத்தையும் வேந்தர் படத்துக்கே கொடுத்துவிடலாம் என்று மக்கள் தொடர்பு அதிகாரி இராஜாங்கம் முடிவெடுத்திருந்தார்.

படத்துக்குக் கீழே இராஜாங்கத்தின் சொந்தச் சரக்கு: ‘புற்றுநோயை இழுக்கும் காந்தம்! டெல்டா மண்ணின் உலக அதிசயம்!’

உண்மையில் நடந்தது இவ்வளவுதான். தரைத்தளத்து ஆய்வகத்தில் சுடர்விழி என்கிற பேராசிரியை, இரும்பு ஆக்சைடைப் பொடியிலும் பொடியாக்கி, அதற்கு மேல் பாலிமரால் ஓர் உறை போட்டு, அந்த உறைக்குள் புற்றுநோய் மருந்தை ஏற்றியிருந்தார். ஒரு கண்ணாடித் தட்டில் வளர்த்த புற்றுச் செல்களின் மேல் அதை ஊற்றி, தட்டுக்கு அடியில் ஒரு பக்கமாகக் காந்தத்தை வைத்தார். காந்தம் இருந்த பக்கத்துச் செல்கள் செத்தன. மற்ற பக்கத்துச் செல்கள் பெரும்பாலும் பிழைத்தன. அன்று அவர் பூட்டிய கதவுக்குப் பின்னால் தனியாக ஓர் ஆட்டம் போட்டதாகச் சொல்கிறார்கள். பார்த்த சாட்சி கிடையாது.

இந்தச் செய்தி தரைத்தளத்திலிருந்து புறப்பட்டது. முதல் மாடியில் துறைத்தலைவரிடம் போனபோது தட்டு எலியாகியிருந்தது. அதற்கு மேல் மாடியில் முதல்வரிடம் எலி மனிதனாகியிருந்தது. மொட்டைமாடிக்குக் கீழே குளிரூட்டிய அறையில் இருந்த வேந்தரிடம் போய்ச் சேர்ந்தபோது, மனிதன் குணமாகி வீட்டுக்கே போயிருந்தான். விழா எடுக்க வேந்தர் உத்தரவிட்டார். வியாழக்கிழமை நாள் நன்றாக இருந்தது.

இராஜாங்கம் ஒரு காலத்தில் பட்டிமன்ற மேடைகளில் பேசியவர். ‘இழுக்கும்’ என்ற சொல்லில் ஒரு கம்பீரம் இருப்பதாக அவருக்குத் தோன்றியது. ஆனால் அந்தப் பக்கத்து ஊர்களில் இழுப்பதென்பது அவ்வளவு நல்ல காரியமில்லை. வம்பை இழுப்பார்கள். வழக்கை இழுப்பார்கள். கை கால் இழுத்துக்கொள்ளும். படுத்த படுக்கையாகிவிட்ட கிழவர் நாலு நாளாக இழுத்துக்கொண்டிருப்பார். தேரைத் தவிர நல்லதாக எதையும் இழுத்த ஞாபகம் யாருக்கும் இல்லை.

ஆகவே பேனர் கட்டிய மறுநாளே, பல்கலைக்கழகத்துச் சுவரை ஒட்டி நிலம் வைத்திருக்கும் கோவிந்தராசு, பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். மீத்தேன் என்று வந்தவர்களையும் குழாய் பதிக்க வந்தவர்களையும் வயலில் இறங்கி நின்று திருப்பி அனுப்பிய ஆள் அவர். இராஜாங்கம் வணக்கம் வைத்தார், தேநீர் வரவழைத்தார், உலக அதிசயம் என்றார். கோவிந்தராசு தேநீரைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பேசினார்.

“அது பாட்டுக்கு எங்கேயோ போற நோயை இங்க எதுக்கு சார் இழுக்குறீங்க?”

இராஜாங்கம் வாக்கியத்தை மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். இலக்கணப்படி இரண்டு பொருளும் சரியாகத்தான் இருந்தன. நிபுணர்கள் விழாவில் விளக்கம் அளிப்பார்கள் என்று சொல்லி, பத்துப் பேருக்கும் அழைப்பிதழ் கொடுத்து அனுப்பிவைத்தார்.

அதே பேனரின் படம் வாட்ஸ்அப்பில் ஊர் ஊராகப் போய்க் கூத்தாநல்லூரில் ஜன்னத் பீவியின் கைக்கும் வந்தது. அவர் அதை வேறு மாதிரி படித்தார்.

ஜன்னத் பீவிக்கு மார்பில் கட்டி. தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார். இரண்டு தடவை ஏற்றியாகிவிட்டது. தலைமுடி போய்விட்டது. வாயெல்லாம் வெந்து, ரசம் சாதம்கூட இறங்கவில்லை. அடுத்த தடவை வியாழக்கிழமை. அவருடைய கணவர் ஜெக்கரியா, சவூதியில் இருந்துவிட்டு வந்து ரைஸ்மில் வைத்திருப்பவர். மில்லில் நெல் அரவைக்குப் போகிற வழியில் ஒரு பெரிய காந்தப் பலகை உண்டு. நெல் இறங்கும், அதில் கலந்து வந்த ஆணியும் கம்பியும் பலகையில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். கல்யாணமாகி வந்த நாளாய்ப் பார்க்கிற சங்கதி. நெல்லிலிருந்து ஆணியை இழுக்கிற காந்தம் உடம்பிலிருந்து கட்டியை இழுக்காதா? இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது? இனிமேல் ஆஸ்பத்திரி கிடையாது, காந்தத்திடம் போகலாம் என்று ஜன்னத் பீவி சொல்லிவிட்டார். ஜெக்கரியாவும் ஒப்புக்கொண்டார். ஒரு மாசமாக மனைவி எதையும் இவ்வளவு ஆசையாகக் கேட்டதில்லை.

இருவரும் வந்தபோது சுடர்விழி தனியாக ஆய்வகத்தில் இருந்தார்.

“ஊசியெல்லாம் வேணாம் டாக்டரம்மா. காந்தத்த மட்டும் வச்சு விடுங்க” என்றார் ஜன்னத் பீவி, தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு.

அந்தக் கட்டடத்தில் எல்லாருமே டாக்டர்தான். ஊசி போடத் தெரிந்தவர் ஒருத்தர்கூடக் கிடையாது. சுடர்விழிக்கு இது பழகிப்போன தலைவலி. அம்சம் என்கிற அவருடைய அம்மா, தான் இருக்கிற தெருவில், நாற்று நட்டுப் பிள்ளையைப் படிக்கவைத்த பெருமையில், யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் ‘எம் பொண்ணு டாக்டருதானே’ என்று போன் போட்டுக் கொடுத்துவிடுவார்.

“நான் அந்த டாக்டர் இல்லம்மா. இது இன்னும் மனுசங்களுக்கு வரல. தட்டுல வச்சுத்தான் பார்த்துருக்கோம்.”

“பேனர்ல போட்டுருக்கே.”

“அத நான் எழுதலம்மா.”

“அவ்வளவு பெரிய மனுசர் படத்தப் போட்டு வச்சுக்கிட்டு, பொய்யா எழுதுவாங்க?”

தேர்தலுக்குத் தேர்தல் அந்த மாவட்டம் முழுவதும் தன்னைத்தானே கேட்டுக்கொள்கிற கேள்வி அது. சுடர்விழி மட்டும் என்ன பதில் சொல்வார்? விளக்கத் தொடங்கினார். தொடங்கியதுதான் தப்பு. பத்து வருஷமாகக் கட்டுரையும் கருத்தரங்கும் பழகிய வாய். சூப்பர்பாராமேக்னடிக் என்றது, டாக்ஸோரூபிசின் என்றது, பாலிமெரிக் ஷெல் என்றது. ஜன்னத் பீவி முதல் சொல்லிலேயே நின்றுவிட்டு, மீதிச் சொற்களை மரியாதையாகப் போகவிட்டார். இப்படி வாய் நிறையப் பேசுகிறவர்களிடம் மருந்து இல்லாமலா இருக்கும் என்ற நம்பிக்கைதான் அவருக்கு உறுதிப்பட்டது.

“அந்த ஆஸ்பத்திரி மருந்த மட்டும் ஏத்திக்கச் சொல்லாதீங்க” என்றார். “ரோஸ் சர்பத்து கலருல ஒண்ணு ஏத்துறாங்க. நோன்பு தொறக்கறப்ப ஆசையாக் குடிச்ச கலரு. இப்ப கடையில பாட்டில பார்த்தாலே கொமட்டுது.”

சுடர்விழி வாயைத் திறப்பதற்குள் இராஜாங்கம் உள்ளே வந்துவிட்டார். நோயாளி ஒருவர் தானாகவே தேடி வந்திருக்கிறார் என்று வாசல் காவலாளி சொல்லியிருந்தார். வாங்க பாய், வாங்கம்மா என்று இராஜாங்கம் உருகினார். ரைஸ்மில் என்று தெரிந்ததும் இன்னும் உருகினார். மேடையில் காட்டுவதற்கு ஆய்வகத்துக் காந்தம் சுண்டுவிரல் அளவுதான் இருந்தது, பின்வரிசைக்குத் தெரியாது. மில் காந்தத்தைக் கொண்டுவந்து கொடுத்தால் வேந்தர் கையால் பொன்னாடை உண்டு என்றார். ஜன்னத் பீவிதான் உலகத்தின் முதல் பயனாளி என்று அங்கேயே பட்டமும் கொடுத்துவிட்டார். வேந்தர் தலைமையில் வியாழக்கிழமை காலை.

“வியாழக்கிழமை அவங்களுக்கு மருந்து ஏத்தணும்” என்றார் சுடர்விழி.

“அதான் இனிமே தேவையில்லையே” என்று சிரித்துக்கொண்டே இருவரையும் மேலே அழைத்துப் போய்விட்டார் இராஜாங்கம்.

சுடர்விழி பின்னாலேயே வேந்தர் அறைக்குப் போனார். மதிவாணன் வேட்டிக்குப் போடுகிற கஞ்சியைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு. அவர் உட்கார்ந்த பிறகும் வேட்டி கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருக்குமாம். வந்த இருவரையும் வழியனுப்பிவிட்டு, சுடர்விழி சொன்னதை அவர் பொறுமையாகக் கேட்டார். நாள் தள்ளினால் கட்டிக்கு இடம் கொடுத்த மாதிரி ஆகிவிடும், மருந்தை விட்டுவிட்டால் அந்த அம்மா பிழைப்பதே கஷ்டம், பேனரை இன்றைக்கே எடுக்க வேண்டும் என்று சுடர்விழி சொன்னார்.

“தீர்க்கும்னு போட்டாத்தானே தப்பு? இழுக்கும்னுதானம்மா போட்டுருக்கோம்” என்றார் வேந்தர். நோயாளிக்கு நம்பிக்கைதான் முக்கியம் என்றார். அதைத் தருவதற்குத்தான் தாம் இருப்பதாகவும் சொன்னார். அதற்கு மேல் பேசினால் பெண்கள் விடுதிக் காப்பாளர் பதவி காலியாக இருப்பதை நினைவுபடுத்துவார் என்று சுடர்விழிக்குத் தெரியும். அந்தப் பதவிக்குப் போனவர்கள் ஆய்வகத்துக்குத் திரும்பி வந்ததில்லை.

அன்று மாலை இரண்டு தடவை கூத்தாநல்லூருக்குப் போன் போட்டார். ஜெக்கரியா எடுத்தார். வேந்தரே கையைப் பிடித்துச் சொல்லிவிட்டார், இனிமேல் உங்களுக்கு ஏன் வருத்தம் என்று இவருக்கே ஆறுதல் சொன்னார்.

போனை வைத்துவிட்டு ஆய்வகத்துக் குளிர்பெட்டியைத் திறந்த சுடர்விழி, மேல்தட்டில் இருந்த சின்னப் புட்டியைப் பார்த்தபடி அப்படியே நின்றார். டாக்ஸோரூபிசின். ரோஸ் சர்பத்து நிறம். வருஷக்கணக்காகத் தினமும் பார்க்கிற புட்டி. அந்தப் பெயரைத்தான் இத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறார். நிறத்தை யாரிடமும் சொன்னதில்லை.

மறுநாள் வேந்தரிடம் போய், விழாவில் செய்முறை காட்டத் தயார் என்றார். கறுப்புத் துகள் மட்டும் போதாது, சிவப்பு மருந்தும் வேண்டும், இரண்டு வார்த்தை தாமே பேசவும் வேண்டும் என்றார். சிவப்பு கேமராவில் நன்றாக எடுபடும் என்று இராஜாங்கம் சொன்னதால் வேந்தர் அனுமதித்தார்.

வியாழக்கிழமை பத்து மணிக்குத் தொடங்க வேண்டிய விழா, சிறப்பு விருந்தினரான ஓய்வுபெற்ற உயர் அதிகாரி காலைப் பலகாரம் சாப்பிட்டுவிட்டு வரும்வரை இழுத்தது. ஆஸ்பத்திரியில் மதியத்துக்கு மேல் புதிதாக யாரையும் மருந்து ஏற்றப் படுக்கவைக்க மாட்டார்கள். சுடர்விழி மேடை ஓரத்தில் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். ஜன்னத் பீவிக்கு மேடை நடுவில் சிம்மாசனம் மாதிரி ஒரு நாற்காலி. புதுச் சேலை. இரண்டு நாளாக நிம்மதியாகச் சாப்பிட்டிருந்தார், முகத்தில் தெளிவு இருந்தது. அந்தத் தெளிவைப் பார்க்கத்தான் சுடர்விழிக்குப் பயமாக இருந்தது. பின்வரிசையில் கோவிந்தராசும் அவருடைய ஆட்களும் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

வரவேற்பு முடிந்து, வாழ்த்து முடிந்து, வாழ்த்துக்கு வாழ்த்தும் முடிந்து, வேந்தர் எழுந்தார். இந்த நுண்துகளைத் தாம் எப்படிச் சிறுவயதிலேயே சிந்தித்தார் என்று சொன்னார். மேசையில் பச்சை வெல்வெட் துணி போர்த்தி வைத்திருந்தார்கள். அதற்குக் கீழே ஜெக்கரியாவின் காந்தப் பலகை. இராஜாங்கம் கண்ணைக் காட்ட, நாதசுரம் ஒலித்தது. வேந்தர் குனிந்து துணியை விலக்கினார்.

டப் என்று ஒரு சத்தம்.

குனிந்தவர் நிமிரவில்லை.

வேந்தர் மேடையில் யாருக்கும் குனிந்து யாரும் பார்த்ததில்லை. நோயாளித் தாய்க்குத் தலைவணங்குகிறார் என்று நினைத்து முன்வரிசை கைதட்டியது. சிறப்பு விருந்தினர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வேந்தர் பக்கவாட்டில் இராஜாங்கத்தைப் பார்த்து ஏதோ முனகினார். அப்போதுதான் தெரிந்தது. கழுத்துப் பட்டையில் தொங்கிய தீவு நாட்டுத் தங்கப் பதக்கம் காந்தப் பலகையில் அப்பிக்கொண்டு, அவரை மூக்கணாங்கயிறு பிடித்த மாதிரி பிடித்து வைத்திருந்தது. இராஜாங்கம் இழுத்தார். நாதசுரக்காரரும் வாத்தியத்தை வைத்துவிட்டு வந்து இழுத்தார். பதக்கம் அசையவில்லை.

பின்வரிசையிலிருந்து கோவிந்தராசின் குரல் வந்தது. அவர் சத்தம் போடவில்லை, சந்தேகம்தான் கேட்டார்.

“ஏங்க, தங்கம் காந்தத்துல ஒட்டுங்களா?”

பந்தல் சிரித்தது. முதலில் பின்வரிசை, அப்புறம் மாணவர்கள், கடைசியில் வாயைப் பொத்திக்கொண்டு பேராசிரியர்கள். வேந்தரின் கழுத்தைப் பட்டையிலிருந்து உருவி எடுத்து உட்காரவைத்தார்கள். அந்தக் கலாட்டாவில் ஒலிவாங்கி கேட்பாரற்றுக் கிடந்தது. சுடர்விழி எடுத்துக்கொண்டார்.

“காந்தம் பொய் சொல்லாதுங்க” என்றார். “அதுக்கு இரும்பு மட்டும்தான் தெரியும். புற்றுநோய்ல இரும்பு இல்ல. அதனால இந்தக் காந்தம் எந்த நோயையும் வெளிய இழுக்காது. உள்ளயும் இழுக்காது.”

கோவிந்தராசின் ஆட்கள் கைக்கட்டை அவிழ்த்தார்கள். சுடர்விழி ஒலிவாங்கியை மேசைமேல் வைத்துவிட்டு, மூடி போட்டுச் சீல் வைத்த புட்டியோடு ஜன்னத் பீவியின் நாற்காலிக்கு முன்னால் வந்து குந்தினார். இனிமேல் பின்வரிசைக்குக் கேட்டாலும் சரி, கேட்காவிட்டாலும் சரி.

ஜன்னத் பீவி புட்டியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“இது அந்த மருந்துல்ல?”

“அதேதாம்மா. உங்களுக்கு ஏத்துறாங்களே, அதே மருந்து. இதத்தான் நான் என் துகளுக்குள்ள ஏத்துறேன். என்கிட்ட வேற மருந்து எதுவும் கிடையாது.”

புட்டியைக் குலுக்கினார். சிவப்பில் கறுப்புத் தூள் சுழன்று எங்கும் பரவியது. சுண்டுவிரல் காந்தத்தைப் புட்டியின் ஓரத்தில் வைத்துப் பிடித்தார். தூள் கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பக்கம் நகர்ந்து கண்ணாடியில் பொட்டு மாதிரி ஒட்டியது. சிவப்பும் அதோடு போனது. தண்ணீர் வெளிறி, கடைசியில் கழுநீர் மாதிரி ஆனது.

ஜன்னத் பீவி இப்போது திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப காந்தம் இழுக்கறது நோயை இல்ல. மருந்தை.”

“ஆமாம்மா. நோய் இருக்கற எடத்துக்கு மருந்த வரவைக்கப் பார்க்குறோம். இப்ப அந்த மருந்து உடம்பெல்லாம் சுத்திட்டுத்தான் உங்க கட்டிக்கிட்ட வருது. போற வழியில முடியக் கொட்டுது, வாய வேக வைக்குது. என் வேலை அதுக்கு வழி சொல்றது மட்டுந்தான். அது முடிய இன்னும் பல வருசம் ஆகும்.”

“மருந்து?”

“மருந்து நல்ல மருந்தும்மா. இல்லாட்டி நான் ஏன் இத்தன வருசம் இதக் கட்டிக்கிட்டு அழறேன்?”

ஜன்னத் பீவி புட்டியை நோக்கிக் குனிந்தார். கறுப்புப் பொட்டையே பார்த்தார். பிறகு மேடைக்குக் கீழே நின்ற கணவரைத் தேடினார்.

“இப்ப மணி என்னங்க?”

ஜெக்கரியா சொன்னார்.

“கெளம்புங்க. ஆஸ்பத்திரியில கதவச் சாத்திடுவாங்க.”

முதல் பயனாளி நாற்காலியிலிருந்து எழுந்து, பொன்னாடைக்குக் காத்திராமல் படியிறங்கினார். ஜெக்கரியா அவரோடு போனவர், பாதி வழியில் ஞாபகம் வந்து திரும்பி ஓடினார். மில்லில் குறுவை நெல் வந்து கிடக்கிறது, காந்தம் இல்லாமல் அரவை நிற்கிறது. பலகையைச் சாக்கில் சுற்றித் தோளில் தூக்கிக்கொண்டு டாடா ஏஸில் ஏற்றினார். பதக்கம் அதில் ஒட்டியபடியே போனது. இராஜாங்கம் சாலை வரை பின்னால் ஓடினார். வாசலில் நின்ற கோவிந்தராசு வண்டிக்கு வழிவிடச் சொல்லி எல்லாரையும் ஒதுக்கினார், இராஜாங்கம் உட்பட.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் திட்டினார். திட்டிக்கொண்டே படுக்கை ஒதுக்கினார்.

மறுநாள் நாளிதழின் உள்பக்கத்தில், பல்கலைக்கழகம் கொடுத்த செய்தி வந்திருந்தது: ‘தங்கத்தையும் ஈர்க்கும் அதிசயக் காந்தம்: வேந்தர் முன்னிலையில் செயல்விளக்கம்.’ இராஜாங்கத்தை அவ்வளவு சுலபமாகச் சாய்த்துவிட முடியாது. ஆனால் கோவிந்தராசு விடவில்லை. மறுபடியும் பத்துப் பேரோடு வாசலுக்கு வந்து, சொன்னதை எழுதிப் போடுங்கள் என்று உட்கார்ந்துவிட்டார். பழைய பேனரின் மேல் அவசரமாக ஒட்டுப் போட்டார்கள். அந்தச் சாலையில் போகிறவர்கள் கொஞ்ச காலம் இப்படிப் படித்தார்கள்: ‘புற்றுநோயை இழுக்காத காந்தம்! டெல்டா மண்ணின் உலக அதிசயம்!’ பல்கலைக்கழகத்தின் வரலாற்றில் முழு உண்மையாக வந்த முதல் விளம்பரம் அதுதான். பின்பாதியை விட்டுவிட்டுப் பார்த்தால்.

சுடர்விழிக்கு விடுதிக் காப்பாளர் பதவியும் வந்தது. மாணவிகள் சோற்றைக் கவனித்துக்கொண்டே ஆய்வகத்துக்கும் ஓடினார். போனவர்கள் திரும்பியதில்லை என்ற பேச்சு அவரோடு முடிந்தது. சென்னையிலிருந்த ஓர் ஆராய்ச்சி நிலையம் எலிகளில் சோதித்துப் பார்க்கலாம் என்று பதில் எழுதியபோது, அதை மாடிக்குச் சொல்லாமல் முதலில் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனார். அன்று ஜன்னத் பீவிக்கு அந்தச் சிவப்பு மருந்தின் கடைசித் தடவை.

படுக்கையில் சாய்ந்திருந்தார். இளைத்திருந்தார், ஆனால் வாய் ஓயவில்லை. கட்டி பாதிக்கு மேல் சுருங்கிவிட்டது என்று டாக்டர் தொட்டுப் பார்த்துச் சொன்னாராம். அடுத்து ஆபரேஷன், அதற்குப் பயமில்லை. எலிச் செய்தியைக் கேட்டதும் கொஞ்சம் யோசித்தார்.

“எலி குடுத்து வச்சது” என்றார். “அதுக்கு முடி கொட்டாது.”

“அடுத்து மனுசங்களுக்கும் வரும்மா.”

“எம் பேத்தி காலத்துலயாச்சும் வரட்டும். வந்தா பேனர் மட்டும் அந்த ஆள எழுத விடாதீங்க.”

நர்ஸ் வந்து ஊசியைச் செருகினார். சேலை மடிப்பைச் சரி செய்தபோது ஏதோ கையில் தட்டுப்பட, எடுத்துப் பார்த்தார். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டுகிற சின்னக் காந்தம், மாம்பழம் வடிவத்தில். சவூதியிலிருந்து ஜெக்கரியா வாங்கி வந்தது. ஜன்னத் பீவி அதைக் கட்டி இருந்த பக்கத்தில் பத்திரமாகச் செருகி வைத்திருந்தார்.

சுடர்விழி ஜன்னத் பீவியைப் பார்த்தார்.

“தெரியும் தெரியும்” என்றார் ஜன்னத் பீவி. “இந்த மருந்துல உங்க இரும்புத் தூள் இல்ல. நீங்க சொன்னது மறக்கல.”

“அப்புறம் எதுக்கும்மா?”

“சும்மாதான். இருந்துட்டுப் போவுது.”

நர்ஸ் காந்தத்தை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனார். குழாயில் சிவப்பு இறங்கத் தொடங்கியது. ஜன்னத் பீவி இந்தத் தடவை முகத்தைத் திருப்பவில்லை. அது வளைந்து வந்து கைக்குள் நுழைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, கடைக்கு அனுப்புகிற பிள்ளையிடம் சொல்கிற மாதிரி, மெல்லச் சொன்னார்.

“நேராப் போ. அங்க இங்க பராக்குப் பார்க்காத.”